சவுரியின் சுருள் எங்கே இருக்கிறது?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ வளையலும் குஞ்சலமும் விற்கிற கடைக்குள் நுழைந்தால், சவுரிக்கென்று ஒரு மூலை இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த கருமுடிக் கற்றைகள். நேரானவை, அலையானவை, நுனியில் மட்டும் சுருண்டவை, பின்னி முடித்து ஜடையாகவே வந்தவை. கல்யாணப் பெண்ணுக்கும், சடங்குக்கு உட்காரும் பிள்ளைக்கும், அரங்கேற்றத்துக்குத் தயாராகும் மாணவிக்கும் இங்கிருந்து முடி போகிறது. “அக்கா, இது கர்ல் நிக்குமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுப்போம். கடைக்கார அக்கா நிற்கும் என்றுதான் சொல்வார். எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில், எதனால் நிற்கிறது என்று விசாரிக்கப் போனால், மூலக்கூறுகளின் உலகத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூர்க் கல்யாணங்களில் அடிக்கடி காணும் ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். விடியுமுன் பெண்ணின் முடியை அயர்ன் வைத்து நேராக்குகிறார்கள். அதன் தொடர்ச்சியாக நேரான சவுரியை வைத்துப் பின்னி, பூ சுற்றி, ஜடைநாகம் பொருத்துகிறார்கள். மண்டபத்துக்கு வந்து, வெயிலில் வாசலில் நின்று, வியர்த்து, மணவறை ஏறும்போது உச்சியிலும் நெற்றியோரத்திலும் சொந்த முடி மெல்ல அலையெடுத்துப் புசுபுசுவென்று எழும்பியிருக்கும். சவுரியோ உறையிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கும். இணைத்த இடம் காலையில் கண்ணுக்குத் தெரியவில்லை, நண்பகலில் பளிச்சென்று தெரிகிறது. ஒப்பனைக்காரரின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஜடைக்குள் இருவேறு பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் தம் வடிவத்தை வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கின்றன.

நம் தலைமுடி கெரட்டின் என்ற புரதம். நீண்ட புரதச் சங்கிலிகள் திருகித் திருகி, ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1930-களில் வில்லியம் ஆஸ்ட்பரி முடியையும் கம்பளி இழையையும் எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தபோது, இழுத்த இழைக்கும் இழுக்காத இழைக்கும் உள்ளமைப்பே வேறாக இருப்பதைக் கண்டார். அந்தத் திருகின் சரியான வடிவத்தை லைனஸ் பாலிங்கும் உடன் ஆய்வாளர்களும் 1951-இல் வெளியிட்டார்கள். இந்தச் சங்கிலிகளைப் பக்கவாட்டில் கட்டி வைப்பவற்றில் இரண்டு வகை நமக்கு முக்கியம். ஒன்று கந்தகப் பிணைப்பு. வலுவானது, தண்ணீருக்கு அசையாது. இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் வலு குறைந்தது, எண்ணிக்கையில் ஏராளம், தண்ணீர் பட்டால் அவிழ்ந்துவிடும், உலர்ந்தால் அந்நேரம் முடி எப்படி இருக்கிறதோ அப்படியே மறுபடி கட்டிக்கொள்ளும்.

ஈர முடியைப் பின்னிப் படுத்தால் காலையில் அலை வருவது ஹைட்ரஜன் பிணைப்பின் வேலை. அயர்ன் வைத்து நேராக்குவதும் பெரும்பாலும் அதே வேலைதான், சூட்டில் ஈரத்தை விரட்டி, முடியை நேராகப் பிடித்திருக்கும்போதே பிணைப்புகளைக் கட்ட வைக்கிறோம். காற்றின் ஈரம் திரும்ப உள்ளே போனால் கட்டு அவிழ்கிறது, கந்தகப் பிணைப்புகள் காத்துவைத்திருக்கும் பிறவி வடிவம் மேலே வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஈரம் நிறைவுநிலையை எட்டினால் முடி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தண்ணீரைக் குடித்துவிடும். அயர்ன் வைத்த முடிக்கு இதைவிடக் கடினமான ஊர் அமைவது அரிது. பிறவி வடிவத்தையே மாற்ற வேண்டுமானால் கந்தகப் பிணைப்பை உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் நெஸ்லர் லண்டனில் நிரந்தரச் சுருளைப் பொதுவில் செய்து காட்டியபோது காரமும் கடும் சூடும் சேர்ந்து செய்தது அதைத்தான். இன்று சலூன்களில் பெர்ம் மருந்து செய்வதும் அடிப்படையில் அதுவே.

சவுரிக்கு வருவோம். திருப்பதியிலும் பழநியிலும் காணிக்கையாக இறக்கிய முடி ஏலத்தில் போய், உலகச் சந்தை வழியாக உண்மை முடிச் சவுரியாகவும் விக்காகவும் வருகிறது. அது கெரட்டின் என்பதால் மேலே சொன்ன விதிகள் எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பவை செயற்கை இழைகள். அவற்றில் மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும். மோடாக்ரிலிக், பிவிசி, பாலியஸ்டர்.

இவற்றில் மோடாக்ரிலிக்கை அமெரிக்காவின் யூனியன் கார்பைடு 1950-ஐ ஒட்டி டைனல் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் கனெகா நிறுவனம் 1957-இலிருந்து கனெகலான் என்ற பெயரில் செய்கிறது. உலகமெங்கும் பின்னல் முடிக்கு அந்தப் பெயரே பொதுப்பெயர்போல் ஆகிவிட்டது. சீன முடி கலந்திருக்கும் என்று ஐயுற்று அமெரிக்கா 1965-இல் ஆசிய முடியின் இறக்குமதிக்குத் தடை போட்டபோது, செயற்கை முடிக்கு இன்னும் பெரிய கதவு திறந்தது. கனெகாவுக்கு மலேசியாவிலும் ஆலை உண்டு, பகாங்கில் குவாந்தான் நகருக்கு அருகே கெபெங் தொழிற்பேட்டையில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தொலைவில், பின்னலுக்குப் போகும் இழையின் வேதியியல் நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குக் கிளர்ச்சியான செய்தி.

அந்த இழை பிறக்கும் விதம் எளிது. அக்ரிலோநைட்ரைல், வினைல் குளோரைடு என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளைக் கோத்து நீண்ட சங்கிலியாக்குகிறார்கள். அதை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, நுண்துளைகள் நிறைந்த தகட்டின் வழியே நீர்த்தொட்டிக்குள் பிழிகிறார்கள், இடியாப்ப அச்சில் மாவு பிழிவதைப்போல. தண்ணீரில் அசிட்டோன் வெளியேற, இழை இறுகுகிறது. பிறகு அதைச் சூட்டில் பல மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். கண்டபடி சுருண்டு கிடந்த சங்கிலிகள் இழையின் நீளவாக்கில் வரிசைப்பட்டு, இழைக்கு வலு வருகிறது. இப்படி இழுத்து வரிசைப்படுத்திய நிலையிலேயே இழையை ஆற வைத்துவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடும் சூட்டில் செயற்கை முடி பொரிந்து சுருங்குவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இந்தச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பிணைப்பு கிடையாது. தண்ணீர் வந்து அவிழ்க்கும்படியான கட்டும் இல்லை. இயல்பான காற்றில் பாலியஸ்டர் உறிஞ்சும் ஈரம் அதன் எடையில் 0.4 விழுக்காடு அளவுதான். பிவிசி கிட்டத்தட்ட ஒன்றுமே எடுப்பதில்லை. அதனால்தான் மண்டபத்து வியர்வையும் மதிய மழையும் சவுரியை அசைப்பதில்லை. அப்படியானால் அதன் சுருளைப் பிடித்து வைத்திருப்பது எது?

0.07 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் இழையை, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் சுற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இழையின் வெளிப்புறம் சற்று நீள்கிறது, உட்புறம் சற்று ஒடுங்குகிறது. எவ்வளவு? தடிமனை உருளையின் விட்டத்தால் வகுத்தால் போதும், 0.7 விழுக்காடு. அவ்வளவுதான். ஒரு முழுச் சுருளையும் உண்டாக்குவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த இந்த வேறுபாடு. அறைச் சூட்டில் இழையை விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். சங்கிலிகள் தம் இடத்தில் உறைந்து கிடக்கின்றன, ஒன்றையொன்று தாண்டி நகர முடியாது, அதனால் வளைத்த விசை அப்படியே உள்ளே தங்கி இழையைப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. சூடேற்றினால் ஒரு கட்டத்தில் சங்கிலிகள் அசையத் தொடங்குகின்றன. இந்த எல்லையைக் கண்ணாடி மாறுநிலை என்று அழைக்கிறார்கள். அதற்குக் கீழே பொருள் விறைப்பு, மேலே இளக்கம். பிவிசிக்கு அது ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ். பாலியஸ்டருக்கு 70-க்கும் 80-க்கும் இடையே. எல்லையைத் தாண்டியதும் நீண்ட பக்கத்துச் சங்கிலிகள் நழுவி இடம் மாறுகின்றன, ஒடுங்கிய பக்கமும் அப்படியே. உள்ளே இருந்த விசை கரைந்துபோகிறது. இப்போது உருளையோடு சேர்த்து ஆற வைத்தால், சங்கிலிகள் அந்த வளைந்த அடுக்கிலேயே உறைகின்றன. இழையைப் பொறுத்தவரை இனி வளைந்திருப்பதே இயல்பு நிலை, நேராக்குவதுதான் அதை வருத்துவது.

சுருளை உண்டாக்குவது சூடு என்று நாம் நினைக்கிறோம். சூடு பழைய வடிவத்தை அழிக்க மட்டுமே செய்கிறது, புதிய வடிவம் பதிவது ஆறும்போது. வெந்நீரிலிருந்து எடுத்த கையோடு உருளையை உருவிவிட்டால் சுருள் பாதியாகத் தொங்கிப்போவது இதனால்தான். முடியின் எடையே அதை இழுத்துவிடும். இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளச் சவுரியில் மேல்பகுதிச் சுருள் நுனிச் சுருளைவிடச் சீக்கிரம் தளர்வதற்கும் எடைதான் காரணம், மேலே உள்ள ஒவ்வொரு சுருளும் கீழே உள்ள முடி அத்தனையையும் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே குளிர்ந்த நீரில் முக்கி, கைக்குச் சில்லென்று ஆன பிறகுதான் உருளையைக் கழற்ற வேண்டும். உள்பக்கம் கடைசியில்தான் ஆறும் என்பதால் அவசரம் கூடாது.

வெந்நீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. கெத்தலில் கொதிக்கும் தண்ணீர் கோலாலம்பூரில் 100 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. கேமரன் மலையில் 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும். எந்த மின்னணுப் பொறியும் இல்லாமல் இயற்கையே வைத்திருக்கும் உச்சவரம்பு இது. மோடாக்ரிலிக் இளகுவதற்கு இந்தச் சூடு போதும், கெடுவதற்குப் போதாது. ஆப்பிரிக்கப் பின்னல் கலைஞர்கள் பின்னி முடித்த ஜடையின் நுனியை வெந்நீரில் முக்கி வடிவம் பதிப்பது இந்த இடைவெளியை நம்பித்தான். பிவிசி இழைக்கு 100 டிகிரி சற்றுக் கூடுதல், கொதி அடங்கிய நீரே போதுமானது. வாங்கிய உறையில் இழையின் பெயர் இல்லாவிட்டால், கற்றையின் உட்புறத்திலிருந்து நாலைந்து இழையை நறுக்கி ஒரு பென்சிலில் சுற்றி, முதலில் சற்று ஆறிய வெந்நீரில் சோதித்துப் பாருங்கள். சுருள் பிடித்தால் அந்தச் சூடே போதும். இந்த வேலை எல்லாம் தலையில் வைக்காத சவுரிக்கு மட்டும், தலையில் இருக்கும்போது வெந்நீர் பக்கம் போகவே கூடாது.

அயர்ன் கருவியின் கதை வேறு. அது 150-லிருந்து 230 டிகிரிவரை போகும். அந்தச் சூட்டில், ஆலையில் இழுத்து வரிசைப்படுத்தி உறைய வைத்த சங்கிலிகள் விடுதலையாகின்றன. கட்டுப்பாடு போனதும் அவை தம் பழைய கலைந்த நிலைக்கே திரும்ப முயல்கின்றன. கலைந்து கிடக்க வழிகள் கோடி, வரிசையாக நிற்க வழிகள் சில என்பதால் இது தானே நடக்கும். விளைவு, இழை நீளத்தில் சுருங்குகிறது, தடிக்கிறது, பொரிந்துபோன மாதிரி நெளிகிறது. நுனி உருகிப் பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்கிறது. கடையில் வாங்கிய எந்தச் சீரமும் இதைச் சரி செய்யாது. மறுபடி வரிசைப்படுத்த மறுபடி ஆலையில் இழுக்க வேண்டும். அப்படிப் போன நுனியை வெட்டிவிடுவதுதான் வழி.

சூடு தாங்கும் முடி என்று எழுதி விற்பவை பெரும்பாலும் பாலியஸ்டர். 75 டிகிரியிலேயே இளகும் பொருள் எப்படி அயர்னைத் தாங்குகிறது என்று கேட்கலாம். பாலியஸ்டருக்குள் ஒரு பகுதி சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிப் படிகங்களாக இருக்கின்றன. அந்தப் படிகங்கள் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். இடையில் இருக்கும் கலைந்த பகுதி இளகினாலும் படிகங்கள் சட்டகமாக நின்று இழையைக் காக்கின்றன. ஆலையில் எந்தச் சூட்டில் வடிவம் பதித்தார்களோ, அதைவிடக் கூடிய சூடு கொடுத்தால்தான் அந்த வடிவம் முழுதாக அழியும். அதனால் இந்த வகையில் வெந்நீரில் உண்டாக்கிய சுருள் மேலோட்டமாகவே நிற்கும், உறையில் எழுதிய அளவுக்குள் அயர்ன் வைத்தால் நன்றாக நிற்கும்.

நம் பெண்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பெரிய சுருள் இல்லை. சொந்த முடியின் சன்னமான அலையோடு ஒத்துப்போகும் ஒரு நெளிவு. கண்ணாடிபோல் நேராக மின்னும் சவுரி, அலையுள்ள முடிக்குக் கீழே எவ்வளவு நேர்த்தியாகப் பின்னினாலும் தனியே தெரியும். இரண்டு காரணங்கள். ஒன்று நெளிவு. மற்றது மினுப்பு. நம் முடியின் மேல்புறம் ஓடு வேய்ந்த மாதிரி நுண்செதில்களால் ஆனது, ஒளி அதில் பட்டுச் சிதறும். மழமழப்பான செயற்கை இழை ஒளியை ஒரே திசையில் திருப்பி அடிக்கும். தயாரிப்பாளர்கள் இதைக் குறைக்கவே வட்டமில்லாத துளைகளில் இழை பிழிகிறார்கள், மேற்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்குகிறார்கள். நெளிவும் இதற்கு உதவும். இழைகள் வெவ்வேறு கோணத்தில் கிடக்கும்போது மினுப்பு உடைந்து கலைகிறது.

இந்த நெளிவை வீட்டிலேயே உண்டாக்கலாம். சவுரியைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்துச் சன்னப் பின்னலாகப் போட்டு, அதன் இழைக்கு ஏற்ற சூட்டில் வெந்நீரில் முக்கி, குளிர்ந்த நீரில் ஆற்றி, நிழலில் உலர்த்திப் பிரிக்க வேண்டும். பின்னல் எவ்வளவு சன்னமோ அலையும் அவ்வளவு சன்னம். உலர்த்தும்போது அலை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், அது தண்ணீரில் கட்டிய அலையில்லை. கல்யாணப் பெண்ணுக்கு இதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. சொந்த முடியை அயர்ன் வைத்துச் சவுரிக்கு இணையாக நேராக்குவதை விட்டு, சவுரியைச் சொந்த முடியின் அலைக்குக் கொண்டுவருவது. மண்டபத்து ஈரம் எப்படியும் சொந்த முடியை அதன் பிறவி வடிவத்துக்கே கூட்டிக்கொண்டு போகும், சவுரி அங்கே காத்திருந்தால் நண்பகலிலும் ஜடை ஒரே ஜடையாகத் தெரியும்.

எண்ணெய் வைப்பது நம் பழக்கம். சவுரிக்கு அது ஆகாது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதை ரேலே, மோஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். ஊடுருவுவதற்கு மோடாக்ரிலிக்கில் வழியே இல்லை. எண்ணெய் மேலேயே நின்று தூசியைப் பிடித்து இழைகளைக் கற்றை கற்றையாக ஒட்டிவிடும். செயற்கை முடிக்கு வேண்டியது உராய்வைக் குறைக்கும் ஒரு மெல்லிய படலம். துணி மென்மையாக்கியைத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து முக்கி அலசினால் அது கிடைக்கும். அதிலுள்ள நேர்மின் ஏற்றமுள்ள மூலக்கூறுகள் இழைமேல் படிந்து நிலைமின்சாரத்தையும் அடக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் நிலைமின்சாரத்தைத் தானே வடித்துவிடும், ஏர்கான் அரங்கின் உலர்ந்த காற்றில்தான் முடி பறந்து சேலையில் ஒட்டும்.

அசிட்டோனையும் மறக்க வேண்டாம். மோடாக்ரிலிக்கை இழையாக்கக் கரைத்த அதே திரவம் பல நகப்பூச்சு நீக்கிகளில் இருக்கிறது. நகத்தைத் துடைத்த பஞ்சு ஜடைமேல் விழுந்தால் அந்த இடம் இளகி ஒட்டிப்போகும். நகவேலை எல்லாம் முடித்த பிறகே சவுரியை வெளியே எடுப்பது நல்லது.

1981-இல் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸின் பெர்ஹாலா சாலையில் இயங்கிவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் பரதம் பயிலும் பிள்ளைகள் மேடையில் நடராஜருக்கு முன் எரியும் குத்துவிளக்கைச் சுற்றி வருகிறார்கள், இடுப்பைத் தாண்டும் ஜடையோடு. நெருப்பைப் பற்றி இங்கே பேசியாக வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. பருத்தி எரிய 18 விழுக்காடே போதும். மோடாக்ரிலிக் தொடர்ந்து எரிய ஏறத்தாழ 27 விழுக்காடோ அதற்கு மேலோ வேண்டும், ஏனென்றால் அதன் சங்கிலியிலுள்ள குளோரின் சுடரை அடக்குகிறது. சுடரை விலக்கினால் தானே அணைந்துவிடும். ஆனால் சுடர் பட்டவரை கருகும், நச்சுப்புகை விடும். பாலியஸ்டர் உருகிச் சொட்டலாம், சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஆகவே விளக்கருகே ஆடும் பிள்ளைக்கு எந்தச் சவுரி என்று பார்த்து வாங்குவது பெற்றோரின் கடமை. மலிவு விலையில் வரும் பெயரில்லாத உறைகளைத் தவிர்க்கலாம்.

இழையோடு வரும் வேதிப்பொருள்களையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2025-இல் 10 செயற்கைப் பின்னல் முடிகளைச் சோதித்தபோது, பத்திலும் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் பொருள்களும் ஒன்பதில் ஈயமும் இருந்தன. வாரக்கணக்கில் தலையில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய கவலை. ஒரு நாள் சூடிக் கழற்றும் சவுரிக்கு ஆபத்து குறைவுதான், என்றாலும் புதிதாக வாங்கியதை அலசிவிட்டே பயன்படுத்த வேண்டும். வெந்நீர் வேலையை ஜன்னல் திறந்த அறையில் செய்ய வேண்டும், சாப்பிடும் தட்டிலோ குழம்புச் சட்டியிலோ செய்யக்கூடாது.

கடைசியாக, எடுத்து வைப்பது. கண்ணாடி மாறுநிலைக்குக் கீழே சங்கிலிகள் உறைந்திருக்கும் என்றேன், முழு உறைவு அது இல்லை. நாள் போகப் போக அவை மிக மெதுவாக நகர்கின்றன, சூடு எல்லையை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டிவிடும். நிகழ்ச்சி முடிந்த களைப்பில் சவுரியை மடக்கிப் பையில் திணித்துக் கார் பின்னிருக்கையில் போட்டால், மடிப்பே அதன் புதிய வடிவமாகப் பதியத் தொடங்கும். நுனியிலிருந்து மேல்நோக்கி அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சுருள் உள்ளதைத் தளர்வாகச் சுற்றிப் பெட்டியிலும் நேரானதைத் தொங்கவிட்டும் வைத்தால் போதும். தவறி மடிப்பு விழுந்துவிட்டால் கவலையில்லை. பதிந்தது சூட்டில் என்றால் அழிப்பதும் சூட்டில்தான், வெந்நீரும் பொறுமையும் இருந்தால் அதே சவுரியை இன்னொரு முறை புதிதாகத் தொடங்கலாம்.